கெட்டிக்காரக் கைக்கு இரண்டு மணி நேரம் லீவு

வாசகர் கேள்வி – பதில்

மதுரைப் பக்கம் இருபத்து மூன்று வருடமாகக் குழந்தைகளுக்கு அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு, ஒரே விஷயத்தைப் பற்றியவை. ஒரு பக்கம் கை பலவீனமாக இருக்கும் குழந்தைக்கு, நன்றாக இருக்கும் கையைச் சிறிது நேரம் கட்டிவைத்து, பலவீனமான கைக்குப் பயிற்சி கொடுக்கும் சிகிச்சை அது. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

*

மேடம், என் மகனுக்கு மூன்றரை வயது. ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோதே வலது கை எப்போதும் மூடியே இருந்தது. இடது கையால்தான் எதையும் எடுப்பான். "தாத்தா மாதிரி பீச்சாங்கைக்காரன்" என்று வீட்டில் சந்தோஷப்பட்டார்கள், நானும் விட்டுவிட்டேன். ஒன்றரை வயதில் ஸ்கேன் எடுத்த பிறகுதான் மூளையின் இடது பக்கத்தில் பாதிப்பு, வலது பக்கம் பக்கவாதம் என்று தெரிந்தது. இப்போது தெரபிஸ்ட் சொன்னபடி தினமும் இரண்டு மணி நேரம் இடது கையில் கையுறை மாட்டிவிட்டுப் பயிற்சி கொடுக்கிறோம். பதினொரு நாள் ஆகிறது. முதல் மூன்று நாள் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. மாமியார், "பச்சைப் பிள்ளை கையைக் கட்டிப்போடுவது பாவம்" என்று பக்கத்து வீட்டுக்கே போய் உட்கார்ந்துவிடுகிறார். முன்னேற்றம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒன்பதாம் நாள் லைட் ஸ்விட்சை வலது கை முஷ்டியால் தட்டிப் போட்டான், ஆனால் விரல் பிரியவில்லை. தொடரட்டுமா, நிறுத்தட்டுமா?
– ஒரு அம்மா, திண்டுக்கல்

பெரிதாக ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அந்த ஸ்விட்சைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே அம்மா! உங்கள் கடிதத்தில் நான் மூன்று முறை படித்த வரி அதுதான். அந்த ஸ்விட்ச் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அதைத் தட்ட அவன் தோளைத் தூக்கி, முழங்கையை நீட்டி, குறி பார்த்து அடித்திருக்க வேண்டும். பக்கவாதம் உள்ள கை சும்மா இருக்கும்போது முழங்கை மடங்கி, நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். அந்தக் கை நீண்டு போய் ஒரு வேலையை முடித்திருக்கிறது. விளக்கும் எரிந்திருக்கிறது. கை நீளும், அப்புறம் மணிக்கட்டு நிமிரும், அப்புறம்தான் விரல் பிரியும். பெரும்பாலான பிள்ளைகளிடம் நான் பார்த்த வரிசை இது. விரலையே பார்த்துக்கொண்டிருந்தால் தோளில் வந்த முன்னேற்றம் கண்ணில் படாது.

எனவே தொடருங்கள். ஆனால் எப்படித் தொடர வேண்டும் என்பதில் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் இது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் மாமியாரிடம் சொல்லவும் உதவும். எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் குரங்குகளின் ஒரு கையில் உணர்வு நரம்பை மட்டும் துண்டித்துப் பார்த்தார். அசைக்கும் நரம்பு அப்படியே இருந்தும் குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்தவே இல்லை. நல்ல கையைக் கட்டிவைத்தபோது, செத்துப்போனதாக நினைத்த கை வேலை செய்யத் தொடங்கியது. முயன்று முயன்று தோற்றதால் 'இது உதவாது' என்று மூளை கைவிட்டுவிட்டது என்று அவர் புரிந்துகொண்டார். அந்தக் குரங்குகளை வைத்திருந்த விதத்துக்காக 1981-இல் அவர் மீது வழக்கு வந்து பெரிய சர்ச்சை ஆனது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. பிறகு பக்கவாதம் வந்த பெரியவர்களுக்கும், அப்புறம் குழந்தைகளுக்கும் இதே வழியைக் கொண்டுவந்தார்கள். 2004-இல் அலபாமாவில் அவரும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வில் 18 குழந்தைகள் இருந்தார்கள். நல்ல கைக்கு லேசான கட்டு, தினமும் ஆறு மணி நேரப் பயிற்சி, 21 நாள்.

குழந்தை விஷயத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. பெரியவருக்குக் கை ஒரு காலத்தில் எல்லாம் செய்திருக்கும், அதை நினைவுபடுத்த வேண்டும். உங்கள் மகனின் வலது கை ஒரு டம்ளரைக்கூடப் பிடித்ததில்லை. அது மறந்துபோன கை இல்லை, பள்ளிக்கூடமே போகாத கை. அதற்கு அ, ஆ-விலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அதனால்தான் சொல்கிறேன், கட்டுவது இதில் சின்ன வேலை. கட்டிய அந்த இரண்டு மணி நேரத்தில் மற்றக் கை என்ன செய்கிறது என்பதுதான் சிகிச்சை. கையுறையை மாட்டிவிட்டு டி.வி. முன்னால் உட்கார வைத்தால் அது தண்டனை. உங்கள் மாமியார் பாவம் என்று சொல்வது அப்போது சரியாகிவிடும்.

ஒரு பெண் குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம், நான்கு வயது, இடது கை பலவீனம். பெருவிரல் உள்ளங்கைக்குள் மடங்கி, மற்ற விரல்கள் அதை மூடிக்கொண்டிருக்கும். என்னுடைய பழைய நோட்டில் முதல் நாளைப் பற்றி, '120 நிமிடத்தில் 45 நிமிடம் அழுகை, பந்து, கட்டை, மணி எதையும் தொடவில்லை' என்றுதான் இருக்கிறது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவளுடைய அப்பத்தா சும்மா பேச்சுவாக்கில், "வீட்டில் இவள்தான் கோழிக்குத் தீனி போடுவாள், வேறு யாரையும் போட விடமாட்டாள்" என்றார். எனக்கு அது போதும். மறுநாள் சாயந்திரம் அவர்கள் வீட்டு முற்றத்துக்கே போய்விட்டேன்.

வலது கையில் கையுறை. இடது கையில் கம்புத் தானியம். கம்பை எடுப்பது அவளுக்குக் கஷ்டம், விடுவது அதைவிடக் கஷ்டம். இறுகிய கைக்கு எப்போதுமே பிடிப்பதைவிட விடுவதுதான் பெரிய வேலை. முதலில் கம்பு முழுவதும் உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொண்டது. கோழிகள் காலைச் சுற்றிக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கின்றன, இவள் கையைப் பார்க்கிறாள், கோழியைப் பார்க்கிறாள். மணிக்கட்டைக் கீழே தொங்கவிட்டால் விரல்கள் தானாகக் கொஞ்சம் தளரும். அதைத் தொட்டுக் காட்டினேன். கையைத் தொங்கவிட்டு உதறினாள், பத்துப் பதினைந்து மணி விழுந்தது. கோழிகள் ஓடி வந்து கொத்தின. அன்றைக்கு இருட்டும்வரை அழவே இல்லை.

ஆறாம் நாள் ஒரு பிடி மொத்தமாக விழுந்தது. பதினான்காம் நாள் பெருவிரல் வெளியே வந்திருந்தது, கிண்ணத்தின் விளிம்பைப் பிடித்துக்கொள்கிற அளவுக்கு. பத்தொன்பதாம் நாள் சேவலை முழங்கையால் தள்ளிவிட்டு, குஞ்சுகள் நின்ற பக்கமாகப் பார்த்து வீசினாள். அப்பத்தா அழுதார். நானும்தான்.

உங்கள் பையனுக்குக் கோழி எது என்று கண்டுபிடியுங்கள். ஸ்விட்ச் பிடித்திருக்கிறது என்று தெரிகிறது. அப்படியானால் காலிங் பெல், டார்ச் லைட், குக்கர் மூடியில் தட்டுவது என்று ஆரம்பியுங்கள். குளிக்கும்போது வாளித் தண்ணீரை வலது கையால் அடித்துத் தெறிக்கவிடட்டும். கோலமாவைத் தட்டில் பரப்பி உள்ளங்கையால் தேய்க்கட்டும். சப்பாத்தி மாவு உருண்டையை அமுக்கி வடையாக்கட்டும். ஒவ்வொன்றையும் அவனால் பத்துக்கு ஏழு முறையாவது ஜெயிக்க முடிகிற அளவுக்கு லேசாக வையுங்கள். ஜெயித்த பிறகு ஒரு நூல் கஷ்டமாக்குங்கள்: ஸ்விட்சை முஷ்டியால் தட்டுகிறானா, அடுத்து உள்ளங்கையால், அப்புறம் ஒரு விரலால். இரண்டு மணி நேரம் ஒரே மூச்சாக முடியவில்லையென்றால் நாற்பது நிமிடமாக மூன்று வேளை செய்யுங்கள். ஸ்வீடனில் ஆன்-கிறிஸ்டின் எலியாசன் குழுவினர் சின்னப் பிள்ளைகளுக்கு இதே இரண்டு மணி நேரத்தைத்தான் இரண்டு மாதம் வைத்துப் பார்த்தார்கள், கையுறையோடு, விளையாட்டாக, வீட்டிலும் பள்ளியிலும். பதினொரு நாளில் கணக்குப் பார்க்க வேண்டாம்.

சில விஷயங்களில் மட்டும் நான் கண்டிப்பு. தூங்கும்போது கையுறை கூடாது. மாடிப்படி ஏறும்போது கூடாது. விழுந்தால் ஊன்றிக்கொள்ள அவனுக்கு அந்த இடது கை வேண்டும். கையைத் துணியில் போட்டுக் கழுத்திலிருந்து தொங்கவிடுவதைவிடக் கையுறையை நான் விரும்புவதும் இதனால்தான்: பிடிக்க முடியாது, ஆனால் ஊன்ற முடியும். கழற்றியதும் விரல்களையும் மணிக்கட்டையும் பாருங்கள், சிவந்து தடம் பதிந்திருந்தால் இறுக்கம். வலிப்பு வருகிற பிள்ளையாக இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டே தொடருங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு பையனுக்கு வெளிநாட்டுக் கட்டுரையில் இருந்தபடியே ஆறு மணி நேரம், மாவுக்கட்டோடு எழுதிக்கொடுத்தேன். அந்த அம்மாவுக்கு அவனுக்குக் கீழே இன்னும் இரண்டு பிள்ளைகள். ஐந்தாம் நாள் கட்டை வெட்டி எடுத்துவிட்டு, அதற்கப்புறம் எந்தத் தெரபிக்குமே அவர்கள் வரவில்லை. அந்தத் தப்பு என்னுடையது. அதிலிருந்து, அம்மாவால் எத்தனை மணி நேரம் முடியும் என்று கேட்காமல் நான் எதையும் எழுதிக் கொடுப்பதில்லை. உங்கள் தெரபிஸ்டும் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லையென்றால் நீங்களே சொல்லுங்கள்.

மாமியாரைப் பக்கத்து வீட்டிலிருந்து கூப்பிடுங்கள். அந்த மாவு உருண்டையை அவர் கையால் கொடுக்கச் சொல்லுங்கள். 'கட்டிப்போட்டிருக்கிறோம்' என்று சொல்லாதீர்கள், கெட்டிக்காரக் கைக்கு லீவு விட்டிருக்கிறோம் என்று சொல்லுங்கள். பையனிடமும் அப்படியே. 'நல்ல கை, கெட்ட கை' என்ற பேச்சு வீட்டில் வேண்டவே வேண்டாம். அவன் உடம்பில் கெட்ட கை எதுவும் கிடையாது.

*

என் பேத்திக்கு ஆறு வயது. வலது கை பலவீனம். இடது கையால்தான் சாப்பிடுகிறாள். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் எதிரே உட்கார்ந்தவர், "சோத்தாங்கையால் சாப்பிடப் பழக்கக்கூடாதா" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டார். குழந்தை அப்படியே எழுந்துவிட்டாள். இந்தச் சிகிச்சை செய்தால் வலது கையால் சாப்பிட வைத்துவிடலாமா?
– ஒரு தாத்தா, கும்பகோணம்

ஐயா, படித்ததும் மனது கனத்துவிட்டது. இலையை விட்டுக் குழந்தை எழுந்து போகும்படி பேசியவர்தான் மரியாதை கற்றுக்கொள்ள வேண்டியவர்.

உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். வலது கையைச் சாப்பிடுகிற கையாக மாற்றுவது இந்தச் சிகிச்சையின் வேலை இல்லை. சாதத்தைப் பிசைந்து, உருட்டி, நான்கு விரலில் எடுத்து, பெருவிரலால் வாய்க்குள் தள்ளுவது என்பது நுணுக்கமான வேலை. நமக்குப் பழகிவிட்டதால் தெரிவதில்லை. அவளுடைய வலது கை நல்ல உதவிக் கையாக ஆகலாம். பிடித்துக்கொள்ளும், அமுக்கிக்கொள்ளும், தாங்கும். சாப்பிடும் கை இடது கையாகவே இருக்கும், இருக்கட்டும்.

ஆகவே ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பசித்த குழந்தைக்குச் சாப்பாட்டு நேரத்தில் இடது கையைக் கட்டாதீர்கள். சிலர் செய்கிறார்கள், நான் செய்யமாட்டேன். சாப்பாடு சண்டையாகிவிட்டால் அதைச் சரிசெய்ய மாதக்கணக்காகும். வேண்டுமானால் நொறுக்குத் தீனி நேரத்தில், கைமுறுக்கோ நீளமாக நறுக்கிய கொய்யாத் துண்டோ வலது கையில் கொடுத்துப் பாருங்கள், விளையாட்டாக.

அடுத்த பந்தியில் அவள் பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள் ஐயா. காற்றில் இலை தூக்காமல் வலது கையால் விளிம்பை அமுக்கிக்கொள்ளட்டும். யாராவது கேட்டால், "அவளுக்கு இதுதான் சோத்தாங்கை" என்று நீங்கள் சொல்லுங்கள். தாத்தா சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

*

எங்கள் குழந்தைக்குப் பதினோரு மாதம். இடது கையைப் பயன்படுத்துவதில்லை, உடனே தெரபி ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். இவ்வளவு சின்னக் குழந்தைக்குக் கையைக் கட்டலாமா? நான் தினக்கூலி. மூன்று வாரம் சென்னையில் தங்கிச் செய்ய எங்களுக்கு வசதி இல்லை.
– ஒரு அப்பா, விருதுநகர் மாவட்டம்

சென்னைக்குப் போக வேண்டாம் தம்பி. இந்த வயதில் இது வீட்டில் நடக்கிற சிகிச்சை. பதினோரு மாதத்தில் கண்டுபிடித்திருக்கிறீர்கள், அதுவே பெரிய காரியம். ஒரு வயதுக்குள் குழந்தை இரண்டு கையையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பயன்படுத்த வேண்டும். அதற்குள்ளேயே ஒரு கையை மட்டும் நீட்டினால் அது இடதுகைப் பழக்கமும் இல்லை, வலதுகைப் பழக்கமும் இல்லை, டாக்டரிடம் காட்ட வேண்டிய விஷயம். இதைப் படிக்கிற எல்லா அம்மா அப்பாவும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கைக்குழந்தைக்கு மாவுக்கட்டெல்லாம் கிடையாது. ஸ்வீடனில் கைக்குழந்தைகளுக்கென்று வகுத்த முறையில் ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான், வாரத்துக்கு ஆறு நாள், ஆறு வாரம். இடையில் ஓய்வு விட்டு இன்னொரு ஆறு வாரம். கொடுப்பது அம்மா அப்பா, வாரம் ஒரு முறை தெரபிஸ்ட் பார்த்துச் சொல்லிக்கொடுப்பார். வலது கையில் ஒரு மெல்லிய காலுறையை மாட்டிவிட்டு, கிலுகிலுப்பையை இடது கைக்கு எட்டுகிற இடத்தில் காட்டுங்கள். கையில் திணிக்காதீர்கள், குழந்தையே வரட்டும், காத்திருங்கள். வாய்க்குள் போகிற அளவு சின்னப் பொருள் எதுவும் வேண்டாம். புளியங்கொட்டை, மணி, சோழி எல்லாம் பெரிய பிள்ளைகளுக்கு மட்டும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் டி.ஈ.ஐ.சி. என்ற குழந்தைகளுக்கான ஆரம்பகால சிகிச்சை மையம் இருக்கிறது. பிறந்ததிலிருந்து 18 வயது வரை இலவசமாகப் பார்ப்பார்கள். சின்ன வயதில் மூளையில் வந்த பாதிப்பால் கை கால் இப்படிப் பலவீனமாவதை மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) என்பார்கள். அது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஒன்று. சான்றிதழ் கிடைத்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான யு.டி.ஐ.டி. அடையாள அட்டையும், நிரமயா மருத்துவக் காப்பீடும் வாங்கலாம். அந்தக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவும் அதில் வரும். கூலி வேலைக்குப் போகாத ஒரு நாளில் இந்தக் காகித வேலையை முடித்துவிடுங்கள். ஆனால் அரை மணி நேர விளையாட்டை அதற்காகக் காத்திருக்க வைக்காதீர்கள். மையத்தில் ஒரு முறை காட்டி, முறையைக் கற்றுக்கொண்டு, அன்றைக்கே ஆரம்பியுங்கள்.

*

என் மகளுக்கு ஏழு வயது. கோடை விடுமுறையில் நான்கு வாரம் கையைக் கட்டிப் பயிற்சி செய்தோம். இடது கையால் கிளிப் மாட்டினாள், டம்ளர் தூக்கினாள், எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளி திறந்து ஒரு மாதம்தான் ஆகிறது, இடது கை மறுபடி மேஜைக்குக் கீழே போய்விட்டது. எல்லாம் வீணா? மறுபடி கட்டவேண்டுமா?
– ஒரு அம்மா, ஈரோடு

வீணாகவில்லை. கிளிப் மாட்டத் தெரிந்த கை, தெரிந்த கைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஒற்றைக் கையாக வேலை செய்யத்தான் நான்கு வாரம் அதற்குச் சொல்லிக்கொடுத்தோம். கட்டு போனதும் கெட்டிக்கார வலது கை வந்து எல்லா வேலையையும் பிடுங்கிக்கொண்டது. இரண்டு கையும் சேர்ந்து வேலை செய்வது தனிப் பாடம். அந்தப் பாடத்தை யாரும் நடத்தவில்லை.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ கார்டன் குழுவினர் எந்தக் கையையும் கட்டாமல், இரண்டு கையும் தேவைப்படுகிற விளையாட்டாகவே மணிக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள். 2019-இல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 36 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த மதிப்பாய்வும், அதே அளவு நேரம் செலவிட்டால் கட்டுவதும் இரு கைப் பயிற்சியும் ஏறக்குறைய ஒன்றுதான் என்ற இடத்துக்கே வந்தது. என் அனுபவமும் அதோடு ஒத்துப்போகிறது. முதலில் கொஞ்ச நாள் கட்டி அந்தக் கையை எழுப்பிவிட்டு, உடனே இரு கை வேலைக்கு வந்துவிடுவதுதான் எனக்குப் பிடித்த வழி.

மறுபடி கட்ட வேண்டாம், இப்போதைக்கு. ஏழு வயதுப் பெண்ணுக்கு அவளுடைய சம்மதமும் வேண்டும். அவளையே கேளுங்கள்: எந்த வேலையை யாரும் உதவாமல் செய்ய ஆசை? என்னிடம் வருகிற பிள்ளைகள் சொல்வது பெரும்பாலும் மூன்று: சட்டைப் பட்டன், தலை பின்னுவது, டிபன் பாக்ஸ். கடைசியிலிருந்து ஆரம்பிப்பது சுலபம். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கத் தோழியிடம் நீட்டுவது பிள்ளைகளுக்கு எவ்வளவு வலிக்கும் என்று அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இறுக்கமான கிளிப் வைத்த எவர்சில்வர் டப்பாவை மாற்றி, திருகு மூடி டப்பா வாங்குங்கள். இடது கை டப்பாவை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கட்டும், வலது கை திருகட்டும். டப்பா வழுக்காமல் இருக்கக் கீழே ஈரத் துணி ஒன்று. பழகியதும் துணியை எடுத்துவிடுங்கள், அப்புறம் நெஞ்சை விட்டு மேஜை மேல் வைத்துப் பிடிக்கட்டும். சாயந்திரம் பட்டாணி உரிக்க, துண்டைப் பிழிய, சப்பாத்திக் கட்டை உருட்ட அவளைக் கூப்பிடுங்கள். நோட்டில் எழுதும்போது இடது உள்ளங்கை காகிதத்தின் மேல் இருக்க வேண்டும் என்று வகுப்பு ஆசிரியரிடம் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். 'கையை எடு, கையை எடு' என்று அவர் வகுப்பில் சொல்ல வேண்டாம், மேஜையை லேசாகத் தட்டினால் போதும், அது அவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த சைகையாக இருக்கட்டும்.

ஆறு வாரம் கழித்து எனக்கு எழுதுங்கள். எத்தனை விரல் பிரிகிறது என்றெல்லாம் அளந்து எழுத வேண்டாம். மதியம் டப்பாவை யார் திறக்கிறார்கள் என்று மட்டும் எழுதுங்கள்.